எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

ஒரு எழுத்தாளரைப் பற்றி நாலு பேர் புகழ்ந்து சொல்லிக் கேட்கிறோம். சரி, வாசித்துப் பார்த்துவிடலாம் என்று அவர் பெயரைச் சொன்னதும் எல்லோர் வாயிலும் வருகிற புத்தகத்தை எடுக்கிறோம். நாற்பதாவது பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சீட்டைச் செருகி மூடி வைத்தால், அந்தச் சீட்டு பல மாதம் கழித்தும் அதே பக்கத்தில் இருக்கிறது. “அவர் எழுத்து நமக்கு ஒத்துவராது” என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. இப்படிக் கைவிடப்பட்டவர்களில் பாதிப் பேராவது அருமையான எழுத்தாளர்கள். கோளாறு எடுத்த புத்தகத்தில் இருக்கிறது.

புகழ்பெற்ற புத்தகம் பல நேரம் அந்த எழுத்தாளரின் ஆகப் பெரிய புத்தகமாக, அல்லது ஆகச் சிக்கலான புத்தகமாக இருக்கும். அவரை ஏற்கெனவே பத்து வருடம் வாசித்தவர்கள் கொண்டாடியதால் வந்த புகழ் அது. புதிதாக வருகிறவருக்கு அந்தப் பத்து வருடம் கையில் இல்லை.

டால்ஸ்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். ‘போரும் வாழ்வும்’ 361 அத்தியாயங்கள். தொடக்கமே 1805இல் ஒரு சீமாட்டி வீட்டு விருந்து. ஆளுக்கு மூன்று பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பட்டம், பாதிப் பேச்சு நெப்போலியனைப் பற்றி. யார் முக்கியம், யாரை மறந்துவிடலாம் என்று ஆசிரியர் சொல்லவே மாட்டார். இங்கேதான் சீட்டைச் செருகுகிறார்கள். அதே டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ வெறும் 12 அத்தியாயம். ஒருவர் இறந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்ததும், அவருடைய சக அதிகாரிகளின் மனம் காலியான பதவி யாருக்குப் போகும் என்ற கணக்கில் இறங்குவதில் தொடங்குகிறது. இரண்டு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். மனிதர்களை உள்ளும் புறமுமாக ஒரே வாக்கியத்தில் பார்க்கிற டால்ஸ்டாயின் கண் அதிலேயே முழுதாக இருக்கிறது. அந்தக் கண் பிடித்துப்போனால், அடுத்து அவர் மறைவுக்குப் பின் 1912இல் வெளியான ‘ஹாஜி முராத்’. 25 அத்தியாயம், போர்க்களம், வேகம். பிறகு ‘அன்னா கரீனினா’. எட்டுப் பாகம் கொண்ட அதை முடித்தவருக்கு 361 அத்தியாயம் ஒரு பயமே இல்லை.

இதை எந்த எழுத்தாளருக்கும் பொருத்தலாம். முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று விஷயம் பார்த்தால் போதும்: அளவு, வடிவம், அவர் வாழ்க்கையில் அது எழுதப்பட்ட காலம். 200 பக்கத்துக்குள் இருக்கிற ஒன்றைத் தேடுங்கள். அவர் சிறுகதையும் எழுதியிருந்தால் சிறுகதையில் நுழைவது நல்லது. கதை சரியில்லை என்றால் போனது பத்துப் பக்கம்தான். காலம் என்று பார்த்தால், பெரும்பாலான எழுத்தாளர்களின் முதல் புத்தகமும் கடைசிப் புத்தகமும் நுழைவாயிலுக்கு ஏற்றவை அல்ல. முதலாவதில் கை பழகியிருக்காது. கடைசியில், வாசகர் தன்னை அறிவார் என்ற சலுகையில் எழுதியிருப்பார். இதற்கு விலக்கு உண்டு. சுந்தர ராமசாமி எழுதியது மூன்றே நாவல்: 1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’, 1981இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’, 1998இல் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’. அதிகம் பேசப்பட்டது நடுவில் உள்ளது. இல்லாத ஒரு மலையாள எழுத்தாளரைப் பற்றிய குறிப்புகளும் நாட்குறிப்பும் சேர்ந்த வடிவம் அது. நாவல் என்றால் ஆளும் சம்பவமும் கோவையாக வரும் என்று எதிர்பார்த்துப் போகிறவர் அங்கே தடுமாறுவார். முதல் நாவலோ ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பதைப் போல ஓடும். ஆகவே இவர் விஷயத்தில் எழுதிய வரிசையிலேயே போவதுதான் சரி.

தி. ஜானகிராமனுக்கு ‘மோகமுள்’ என்பார்கள். நல்ல நாவல்தான், ஆனால் தடிமன். ‘சிலிர்ப்பு’, ‘பாயசம்’, ‘பரதேசி வந்தான்’ என்று மூன்று கதைகளை முதலில் வாசித்துவிட்டு, ‘அம்மா வந்தாள்’ வழியாக அங்கே போனால், அவருடைய உரையாடல் எப்படி வேலை செய்கிறது என்பது காதில் ஏறியிருக்கும். பிறகு தடிமன் உறைக்காது. புதுமைப்பித்தனில் ‘கயிற்றரவு’ பக்கம் முதலிலேயே போய்விடாதீர்கள். ‘ஒரு நாள் கழிந்தது’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, ‘செல்லம்மாள்’, ‘காஞ்சனை’ நான்கையும் வாசித்தால், ஒரே ஆள் நான்கு விதமாக எழுதக்கூடியவர் என்பது தெரிந்துவிடும். எந்த விதம் பிடித்ததோ அந்தத் திசையில் மேலே போகலாம்.

முழுத் தொகுப்பைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. ‘அனைத்துச் சிறுகதைகளும்’ என்று வருகிற தடித்த புத்தகங்கள் பெரும்பாலும் கால வரிசையில் இருக்கும். ஆய்வாளருக்கு அது சௌகரியம், புது வாசகருக்குத் தண்டனை. ஆரம்ப காலக் கதைகளில் சிக்கி நூறு பக்கம் தாண்டுவதற்குள் அலுத்துவிடும். பொருளடக்கத்தில் மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியில் இரண்டு, பின்பகுதியில் ஒன்று, கடைசியாக முன்பகுதியில் ஒன்று என்று எடுங்கள். ஒரு வேளைக்கு இரண்டு கதைக்கு மேல் வேண்டாம். சிறுகதைகளை நாவல் போல ஒரே மூச்சில் வாசித்தால் நாலாவது கதையின் ஆள் இரண்டாவது கதைக்குள் நடமாட ஆரம்பித்துவிடுவார்.

உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பது அலமாரியின் பெயர் அல்ல

“எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்டால் வருகிற பதில் வகையின் பெயர்: துப்பறியும் கதை, சரித்திர நாவல், அறிவியல் புனைவு, குடும்பக் கதை. இந்தப் பெயர்கள் புத்தகம் அடுக்குகிறவருக்கு உதவும். வாசகருக்கு அடுத்த புத்தகம் தேடித் தருவதில் அநியாயத்துக்குத் தவறு செய்யும்.

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதற்கு ஒரு நல்ல வழி சொல்லியிருக்கிறார். ஒரு புத்தகத்துக்குள் போக நான்கு வாசல்கள் இருக்கின்றன என்பது அவர் கணக்கு: கதை, பாத்திரங்கள், இடமும் சூழலும், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஆனால் ஒன்றோ இரண்டோதான் அகலமாகத் திறந்திருக்கும். ஒவ்வொரு வாசகருக்கும் பழகிய வாசல் ஒன்று உண்டு. அந்த வாசல் சிறியதாக இருக்கிற புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முட்டிக்கொள்வார்.

துப்பறியும் கதை என்ற ஒரே அலமாரியைப் பாருங்கள். அகதா கிறிஸ்டி கதை வாசல். புதிர், தடயம், கடைசியில் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து முடிச்சை அவிழ்ப்பது. பாத்திரங்கள் சதுரங்கக் காய்கள், அதில் அவருக்கு வெட்கமும் இல்லை. ஜார்ஜ் சிமெனோனின் இன்ஸ்பெக்டர் மெக்ரே நாவல்கள் 75. அவற்றில் புதிர் சாதாரணம். மழை பெய்கிற தெரு, மதுக்கடையின் வெளிச்சம், கொலை செய்தவனின் களைப்பு, இவைதான் விஷயம். அது இடமும் பாத்திரமும் கலந்த வாசல். ரேமண்ட் சாண்ட்லரில் கதையைப் பின்தொடர்வதே சிரமம். யார் யாரை எதற்குக் கொன்றார் என்று புத்தகத்தை முடித்தவரிடம் கேட்டால் விழிப்பார், ஆனால் வாக்கியங்களைச் சொல்லிக்காட்டுவார். அது மொழி வாசல். கிறிஸ்டி பிடித்தவருக்குச் சாண்ட்லரைப் பரிந்துரைப்பவர், ‘இரண்டும் கொலைதானே’ என்று நினைத்துப் பரிந்துரைக்கிறார்.

சுஜாதா வாசகர்கள் விஷயத்தில் இந்தத் தவறு ரொம்பச் சாதாரணம். ‘என் இனிய இயந்திரா’ பிடித்தது என்றதும் வேறு அறிவியல் புனைவுகளின் பட்டியலை நீட்டுவார்கள். உண்மையில் அவர்களில் பலருக்குப் பிடித்தது ரோபாட் நாயின் வாய்த்துடுக்கு, அதாவது சுஜாதாவின் நடை. அவர்கள் போகவேண்டிய இடம் அவருடைய சிறுகதைகளும் பத்திக் கட்டுரைகளும். ஐசக் அசிமோவைக் கொடுத்தால் ஏமாறுவார்கள். அசிமோவின் மொழி ஜன்னல் கண்ணாடி மாதிரி, இருப்பதே தெரியாது. யோசனைக்காக வாசிக்க வேண்டியவர் அவர். (நான்கு வாசலோடு ‘யோசனை’ என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். அறிவியல் புனைவையும் கட்டுரை நூல்களையும் நான்கில் அடக்குவது கஷ்டம்.)

உங்கள் வாசலைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை. கடைசியாக விரும்பி முடித்த ஐந்து புத்தகங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும், அதை வாசிக்காத ஒருவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்வதானால் என்ன சொல்வீர்கள் என்று யோசிக்காமல் எழுதிவிடுங்கள். “அவன் கடைசியில் என்ன பண்ணுவான்னே தெரியாது” என்று எழுதினால் கதை. “அந்தப் பாட்டி மாதிரி ஒரு ஆளை மறக்கவே முடியாது” என்றால் பாத்திரம். “அந்த ஊரிலேயே இருந்துட்டு வந்த மாதிரி இருக்கு” என்றால் இடம். “எடுத்து ஒரு பக்கம் வாசிச்சுப் பாரேன்” என்றால் மொழி. ஐந்தில் மூன்று ஒரே பக்கம் சாயும். விரும்பிய புத்தகத்தை மட்டும்தான் எழுத வேண்டும். ‘நல்ல புத்தகம் என்று சொல்கிறார்களே’ என்பதற்காக ஒன்றைச் சேர்த்தால் சோதனை கெட்டுப்போகும்.

இது தெரிந்தால் சில ஏமாற்றங்களுக்குக் காரணமும் விளங்கும். அசோகமித்திரனை எடுத்துவிட்டு “ஒன்றுமே நடக்கவில்லையே” என்பவர் கதை வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார். ‘18வது அட்சக்கோடு’ நாவலில் 1948இன் ஹைதராபாத் கொந்தளிப்பு இருக்கிறது, ஆனால் அது ஒரு இளைஞனின் கிரிக்கெட், கல்லூரி, சைக்கிள் இவற்றின் ஓரத்தில் மெல்ல மெல்ல ஏறி வருகிறது. இடத்தையும் மனிதர்களையும் கவனிக்கிறவருக்கு நெஞ்சு அடைக்கும், சம்பவத்துக்குக் காத்திருப்பவருக்குக் கொட்டாவி வரும். இரண்டு பேருமே தவறாக வாசிக்கவில்லை. மௌனி சுமார் 24 கதைகள்தான் எழுதினார். அத்தனையும் மொழி வாசல் மட்டும் திறந்த வீடுகள். கதை கேட்டுப் போகிறவர் திண்ணையிலிருந்தே திரும்பிவிடுவார்.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு அடுத்தடுத்து வரும்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டாவதைத்தான் நாம் மறந்துபோகிறோம்.

வரிசை

தொடர்களுக்கு வரும்போது கேள்வி மாறும். கதை நடக்கும் வரிசையா, வெளிவந்த வரிசையா?

சந்தேகம் இருந்தால் வெளிவந்த வரிசை. ஆசிரியர் ஒவ்வொரு புத்தகத்தையும் எழுதும்போது, வாசகருக்கு அதுவரை என்ன தெரியும் என்று கணக்கு வைத்திருப்பார். பின்னால் எழுதப்பட்ட முன்கதை, நீங்கள் முந்தைய நூல்களை வாசித்தவர் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. சி.எஸ். லூயிஸின் நார்னியா ஏழு புத்தகங்களில் முதலில் வந்தது 1950இல், ஓர் அலமாரிக்குள் நுழைந்து பனி பொழியும் காட்டில் ஒரு விளக்குக் கம்பத்தைச் சிறுமி பார்க்கிற கதை. அந்த அலமாரியும் கம்பமும் எப்படி வந்தன என்பதைச் சொல்லும் முன்கதை 1955இல்தான் வந்தது. இப்போது வரும் தொகுப்புகளில் முன்கதைக்கு ஒன்றாம் எண் போட்டுவிடுகிறார்கள். அதை நம்பி வாசித்தால், விடை தெரிந்தபின் விடுகதையைக் கேட்டது போல ஆகும். அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையும் இப்படியே. 1951, 52, 53இல் வந்த மூன்று, பிறகு 1982, 1986இல் வந்த இரண்டு, அதற்கப்புறம்தான் 1988இலும் 1993இலும் வந்த முன்கதைகள். முன்கதையில் தொடங்கினால் எண்பதுகளில் வந்த நூலின் பெரிய ரகசியம் ஒன்று முதலிலேயே உடைந்துவிடும்.

கல்கியிலும் இந்தக் குழப்பம் உண்டு. ‘சிவகாமியின் சபதம்’ மகேந்திரவர்மர் காலத்தில் தொடங்குகிறது, ‘பார்த்திபன் கனவு’ அதற்குப் பிந்தைய கதை. ஆனால் கல்கி முதலில் எழுதியது ‘பார்த்திபன் கனவு’. அதில் மாறுவேடம் ஒன்றைச் சுற்றி நெடுநேரம் ஆவலைக் காப்பாற்றுகிறார். பல்லவ அரச குடும்பத்தைச் ‘சபத’த்தில் நெருக்கமாகப் பழகிவிட்டு வந்தால் அந்த ஆவல் பாதியாகக் குறையும். அளவிலும் அது சிறியது. ஆக இரண்டு காரணமும் ஒரே பக்கம் நிற்கின்றன: முதலில் ‘பார்த்திபன் கனவு’. ‘பொன்னியின் செல்வன்’ நடப்பது கிட்டத்தட்ட முந்நூறு வருடம் கழித்து, சோழர் காலத்தில். அதை எப்போது வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

ஷெர்லாக் ஹோம்ஸ் விதிவிலக்கு. மொத்தம் 4 நாவல், 56 சிறுகதை. முதலில் வந்தது 1887இன் ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’. அதன் இரண்டாம் பாகம் திடீரென்று அமெரிக்கப் பாலைவனத்துக்குத் தாவும். ஐந்து அத்தியாயத்துக்கு ஹோம்ஸ் கண்ணிலேயே படமாட்டார். வேறு புத்தகத்தின் தாள்களைத் தவறிக் கோத்துவிட்டார்களோ என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். 1892இல் தொகுப்பாக வந்த 12 சிறுகதைகளில் தொடங்குங்கள். ‘பாஸ்கர்வில்லின் வேட்டைநாய்’ அடுத்தது. இந்த ஆளை இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை வந்தபிறகு முதல் நாவலுக்குப் போகலாம்.

கிறிஸ்டியின் 66 துப்பறியும் நாவல்களுக்கு வரிசை தேவையில்லை, இரண்டு எச்சரிக்கை மட்டும் உண்டு. அவருடைய துப்பறிவாளர் பொய்ரோவின் கடைசி வழக்கான ‘கர்ட்டன்’ 1975இல் வந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டிவைத்தது. அதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று 1937இல் வந்த ‘டம்ப் விட்னஸ்’. அதில் ஓர் இடத்தில் பொய்ரோ பழைய வழக்குகளை நினைவுகூர்கிற சாக்கில், முந்தைய சில நாவல்களின் கொலையாளிகளைப் பெயரோடு சொல்லிவிடுகிறார். ஆசிரியரே செய்தால் யாரிடம் போய் முறையிடுவது? அதைத் தள்ளிவையுங்கள். நுழைவதற்கு 1939இல் வந்த, பத்துப் பேர் ஒரு தீவில் மாட்டிக்கொள்ளும் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ போதும். துப்பறிவாளரே இல்லாத நாவல் அது, வேறெதையும் நம்பி நிற்பதில்லை.

சுஜாதாவின் கணேஷ் வசந்த் கதைகள் தனித்தனியானவை, எதையும் எடுக்கலாம். ‘மீண்டும் ஜீனோ’வை மட்டும் ‘இயந்திரா’வுக்குப் பிறகு. கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ ‘கோபல்ல கிராம’த்தின் தொடர்ச்சி. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 26 நாவல்கள், 2014 முதல் 2020 வரை இணையத்தில் நாள்தோறும் வந்தது. அவரை அறியாதவர் அதில் இறங்குவது கால் நனைக்காமல் கடலில் குதிப்பது. ‘அறம்’ தொகுப்பில் நாலு கதை வாசித்த பிறகு முடிவு செய்யலாம்.

எங்கே மாட்டிக்கொள்கிறோம்

சரியான புத்தகத்தை எடுத்தும் நின்றுபோவது உண்டு. பெரும்பாலும் காரணம் பெயர்கள். ரஷ்ய நாவலில் ஒரே ஆள் ரஸ்கோல்னிகவ், ரோதியோன் ரோமனோவிச், ரோத்யா என்று மூன்று விதமாக வருவான். முதலாவது குடும்பப் பெயர். இரண்டாவது சொந்தப் பெயரோடு தந்தையின் பெயரிலிருந்து வந்த பின்னொட்டு, மரியாதையாக அழைப்பதற்கு. மூன்றாவது வீட்டில் கூப்பிடுவது. யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதே உறவைச் சொல்லிவிடும், அதனால் இதைத் தொல்லையாக நினைக்காமல் தகவலாக எடுத்துக்கொள்ளலாம். அரைப் பக்கச் சீட்டு ஒன்றை எடுத்து, ஆள் ஒருவருக்கு ஒரு வரி: மூன்று பெயரும், யாருக்கு என்ன உறவு என்பதும். முதல் ஐம்பது பக்கத்துக்கு மட்டும் எழுதினால் போதும், அதற்குமேல் தானாக நிற்கும். இரண்டாவது முறை தலைகாட்டாத ஆளை எழுத வேண்டியதில்லை. மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் ஒருவருக்குப் பிறந்த 17 மகன்களுக்கும் அவுரேலியானோ என்றே பெயர். அங்கே வேண்டுமென்றேதான் குழப்புகிறார், தலைமுறைகள் ஒன்றையே திரும்பச் செய்கின்றன என்று காட்ட. பதினேழு பேரையும் பிரித்தறிய முயலாமல் கூட்டமாக விட்டுவிடலாம். முன்பக்கத்தில் வம்ச மரம் அச்சாகியிருந்தால் அடிக்கடி பார்க்காதீர்கள், யார் யாருக்குப் பிள்ளை பெறப்போகிறார்கள் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

இங்கே ‘பொன்னியின் செல்வ’னின் கெட்டிக்காரத்தனம் தெரியும். 293 அத்தியாயம், ஐந்து பாகம், ஆள் கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் தொடக்கத்தில் ஒரு ஏரிக்கரை, ஒரு குதிரை, ஒரே ஒரு ஆள். வந்தியத்தேவனுக்கு எதுவும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவன் சந்திக்கிற ஒவ்வொருவரையும் அவனோடு சேர்ந்தே சந்திக்கிறோம். டால்ஸ்டாய் ஒரே விருந்தில் கொட்டுவதைக் கல்கி ஐம்பது அத்தியாயத்துக்கு நீட்டிப் பரிமாறுகிறார்.

தொடராக வந்த நாவல்களை வாசிப்பதற்கு ஒரு தனி உத்தி. அக்டோபர் 1950 முதல் மே 1954 வரை வந்த அந்த நாவல், கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம் என்ற வேகத்தில் வாசிக்கப்பட்டது. அதனால்தான் ஆசிரியர் அவ்வப்போது பழசை நினைவூட்டுகிறார். பத்து நாளில் முடிக்கிறவருக்கு அந்தப் பகுதிகள் தேவையில்லை, கண்ணை ஓட்டிக் கடக்கலாம். இன்னொன்று, ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கியில்தான் முடியும். ‘இந்த அத்தியாயத்தோடு நிறுத்திவிடலாம்’ என்று உட்கார்ந்தால் விடிந்துவிடும். தூங்க வேண்டும் என்றால் அத்தியாயத்தின் நடுவில், பழைய கொக்கி அவிழ்ந்து புதியது விழாத இடத்தில் மூடுங்கள்.

வட்டார வழக்கு நிறுத்தினால் சத்தமாக வாசிப்பதுதான் மருந்து. கண்ணுக்குப் புரியாத சொல் காதுக்குப் புரிந்துவிடும். பத்துப் பக்கம் அப்படிப் போனால் மீதியை மௌனமாக வாசிக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பொருள் தேடக் கூடாது. மூன்று தடவை வந்தும் பிடிபடாத சொல்லை மட்டும் குறித்துவைத்துப் பிறகு பாருங்கள். கரிசல் சொற்களுக்கு கி.ரா.வே அகராதி தொகுத்திருக்கிறார்.

மொழிபெயர்ப்பு என்றால் வாசிக்கும் முன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். பதிப்பு விவரப் பக்கத்தில் மூல நூலின் பெயர், மொழிபெயர்ப்பாளர் பெயர், மூலத்திலிருந்து நேராக வந்ததா ஆங்கிலம் வழியாகவா என்பவை இருக்கிறதா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரையே போடாத பதிப்பைத் தவிர்ப்பது உத்தமம். அடுத்தது அத்தியாய எண்ணிக்கை. சுருக்கிய பதிப்பு என்று எங்கேயும் சொல்லாமல் சுருக்குவது நடக்கிற காரியம். டாஸ்டாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ ஆறு பாகமும் ஒரு பின்னுரையும். ‘அன்னா கரீனினா’ எட்டுப் பாகம், 239 அத்தியாயம். கையில் இருப்பதில் குறைந்தால் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது. கடைசியாக, நடுவில் உரையாடல் நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டு வாசியுங்கள். வர்ணனையில் சமாளித்துவிடலாம், பேச்சில் முடியாது. எந்த மனிதரும் பேசாத மாதிரி பேசினால் வேறு மொழிபெயர்ப்பு தேடுங்கள், டாஸ்டாயெவ்ஸ்கியைக் குறை சொல்லாதீர்கள்.

எப்போது கைவிடலாம்

நான்சி பேர்ல் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். 50 பக்கம் வாசித்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிச்சம் வருகிற அத்தனை பக்கம் வாசித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு 30 பக்கம். வயது ஏற ஏறக் காலம் குறைகிறது, சலுகை கூடுகிறது. நியாயம்தான். ஆனால் 150 பக்கக் குறுநாவலுக்கு ஐம்பது அதிகம், இருபத்தைந்து போதும். ஆயிரம் பக்க நாவலுக்கு ஐம்பது குறைவு, அங்கே முதல் பாகம் முடியும்வரை பொறுக்கலாம். சிறுகதைத் தொகுப்புக்கு மேலே சொன்னபடி வெவ்வேறு காலத்தின் நான்கு கதை. கவிதைக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

விடும்போது, ஏன் விட்டோம் என்று உள்ளட்டையில் நாலு வார்த்தை பென்சிலில் எழுதிவையுங்கள்: ‘பெயர்க் குழப்பம்’, ‘பேச்சு செயற்கை’, ‘மெதுவு’. பெயரும் மொழிபெயர்ப்பும் காரணம் என்றால் புத்தகத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம். ‘இந்த ஆள் மனிதர்களைப் பார்க்கிற விதமே பிடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் அந்த எழுத்தாளரை நிம்மதியாக மறந்துவிடலாம், எத்தனை விருது வாங்கியிருந்தாலும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. ஒருவர் பிடித்துவிட்டால் அவருடைய எட்டுப் புத்தகத்தை வரிசையாக வாங்கி அடுக்கி, மூச்சுவிடாமல் வாசிப்பது. நாலாவதில் அவருடைய பழக்கங்கள் கண்ணில் உறுத்த ஆரம்பிக்கும்: அதே உவமை, அதே மாதிரி நாயகி, அதே இடத்தில் வருகிற மழை. துப்பறியும் கதையில் இது இன்னும் மோசம். தடயத்தை வைத்து யோசிப்பதை விட்டுவிட்டு, ‘இவர் இப்படிப்பட்ட ஆளைத்தானே கொலையாளி ஆக்குவார்’ என்று ஆசிரியரையே துப்பறியத் தொடங்கிவிடுவீர்கள். ஒருவரின் இரண்டு புத்தகத்துக்கு நடுவே, வேறு வாசல் திறந்த வேறொருவரின் புத்தகம் ஒன்றாவது வரட்டும்.

அந்த வேறொருவரை எங்கே பிடிப்பது? ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்று இயந்திரம் காட்டுவது பெரும்பாலும் அதே அலமாரி. அதைவிட, பிடித்த எழுத்தாளருக்கு யாரைப் பிடிக்கும் என்று தேடுங்கள். முன்னுரை, நேர்காணல், கட்டுரைகளில் கிடைத்துவிடும். மார்க்வெஸ் தன்னை உலுக்கியவை என்று காஃப்காவின் ‘உருமாற்ற’த்தையும், ஹுவான் ருல்ஃபோவின் ‘பெத்ரோ பராமோ’வையும் சொல்லியிருக்கிறார். இரண்டும் சின்னப் புத்தகங்கள். சுஜாதாவின் பத்திகள் முழுக்க அவர் வாசித்த கவிதைகளும் கதைகளும் இறைந்துகிடக்கும்.

மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்வது இன்னும் நல்ல வழி, அதிகம் பேர் செய்வதில்லை. ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு நூலைத் தன் மொழிக்குக் கொண்டுவருகிறார் என்றால் அது விமர்சனத்தைவிட அழுத்தமான பரிந்துரை. விமர்சகரும் மொழிபெயர்ப்பாளருமான க.நா.சு. ‘படித்திருக்கிறீர்களா?’ என்று நூல்களை அறிமுகம் செய்து எழுதினார். கூடவே நட் ஹாம்சனை ‘நிலவள’மாகவும், செல்மா லாகர்லெவை ‘மதகுரு’வாகவும், பேர் லாகர்குவிஸ்டின் ‘பாரபாஸ்’ நாவலை ‘அன்பு வழி’யாகவும் தமிழுக்குக் கொண்டுவந்தார். மூன்று பேரும் வடக்கு ஐரோப்பியர்கள், நோபல் பெற்றவர்கள், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மாதிரி எழுதியவர்கள். மூன்றில் ‘அன்பு வழி’தான் சிறியது.